கடன் ஆள்

எண்ணூர்க்காரர்கள் அன்றைக்குப் பத்துப் பேராகத்தான் வந்து இறங்கினார்கள். பதினோராவது ஆளுக்குக் காய்ச்சலாம். வடசென்னை கால்பந்து லீக்கில் இதற்கெல்லாம் யாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. வந்தவர்களுக்கு ஆள் குறைந்தால் உள்ளூர் அணி ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். கொடுக்கப்பட்டவன் சொந்த அணியை எதிர்த்து உயிரைக் கொடுத்து ஆட வேண்டும். பேருக்குக் காலை ஆட்டிவிட்டு வந்தானானால் அப்புறம் வியாசர்பாடியில் எந்தக் கடையிலும் அவனுக்கு டீ கிடைக்காது. கடன் ஆள் என்று பெயர். லீக் விதியிலேயே அதற்கு இடம் உண்டு. இரண்டு கேப்டன்களும் தலையாட்டினால் போதும், யாரை வேண்டுமானாலும் இறக்கலாம்.

வியாசர்பாடியின் சொந்த அணியான கரை யுனைடெட் அன்று கொடுத்த ஆள் எபநேசர். எபி என்று ஊரே கூப்பிடும் தடுப்பாட்டக்காரன். அவன் அக்கா தேவகிருபை படிக்கட்டின் முன்வரிசையில் நின்று கூவிக்கொண்டிருந்தாள். கிருபா புறநகர் ரயில் ஓட்டுநர். ரயில்கள் தாமாகவே ஓட ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. முன்னால் ஒரு மனித ஜீவன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹாரன் மட்டும் இன்னும் அவள் கையில்தான். மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம் அதை ஓர் அழுத்து அழுத்துவாள். வாரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்து சேர்த்த தெம்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவள் தொண்டை வழியாக வெளியே வரும். அவள் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். எண்ணூர் சட்டையில் இருந்த எபி நடுக்கோட்டில் பந்தை வாங்கினான். சின்ன வயதிலிருந்து கூட ஆடிய மூன்று பேரைச் சுற்றிவிட்டுக் கரையின் வலைக்குள் ஓங்கி ஓர் அடி. கரை தோற்றுப்போனது. ஆனால் கடன் ஆள் ஒழுங்காக ஆடிவிட்டானே! நாலாயிரம் பேர் சாமி வந்த மாதிரி குதித்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியவர்கள் எல்லோரும் தோற்ற ஊர்க்காரர்கள்தான். எண்ணூர் கேப்டன் காளத்தி ஓரமாக நின்று, “இன்னாபா, ஜெயிச்சது நாங்க தானே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் எல்லார் கையிலும் ஒரு காப்பு இருந்தது. ஏதோ இலவச மருத்துவ முகாமில் மாட்டிவிட்டது. இதயத் துடிப்பை அளந்து எங்கேயோ அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இலவசமாக வந்ததைத் துருவித் துருவிக் கேட்கும் பழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது?

அது போய்ச் சேர்ந்த இடம் உலகத்தின் வடகோடியில் இருந்தது.

மழைக்காலம் வருவதற்குள் ஹெல்வர் குழுமத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். பெயர் யோனாஸ். நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய், காதில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவியோடு கிளப் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். அவர் தன் பாஷையில் முணுமுணுத்தால் கழுத்திலிருந்த சின்னப் பெட்டி நல்ல தமிழில் பேசியது.

“மதிப்பிற்குரிய ஆதரவாளர்களே, உங்கள் கழகத்தை எங்கள் குழுமம் வாங்க விரும்புகிறது.”

“பெட்டி நம்ம தமிழ் வாத்தியார விட நல்லா பேசுது,” என்றார் மோசஸ். மைதான வாசலில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். பர்மாவிலிருந்து வந்த குடும்பம். கரைக்குக் கூவுவதில் கிருபாவுக்கு ஒரே போட்டி அவர்தான்.

“வெள்ளக்காரனுக்கு நம்ம டீம் எதுக்கு? நாம இன்னா உலகக் கோப்பையா ஆடறோம்?” என்று கிருபா நசீமாவிடம் கேட்டாள். நசீமா அதே தெருப் பெண். படித்து முடித்து ஹெல்வர் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்தாள். யோனாஸை அழைத்துக்கொண்டு வந்ததே அவள்தான்.

“டீம் வேணாம்க்கா அவங்களுக்கு. நாமதான் வேணும்,” என்றாள் நசீமா. “அவங்க ஊர்ல ஹெல்வர் சிட்டின்னு பெரிய டீம். கோடி கோடியா கொட்டி ஆட்டக்காரங்கள வாங்கி வெச்சிருக்காங்க. ஆனா பாக்க வர்றவங்க கையுறை போட்டுக்கிட்டு காபி குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சத்தமே வராது. முக்கியமான மேட்ச்னா பசங்களுக்குக் கால் நடுங்குது. அதான் ஒரு சட்டை கண்டுபிடிச்சிருக்காங்க. நெஞ்சுப் பக்கத்துல ஒரு பட்டை இருக்கும். இங்க நம்ம நாலாயிரம் பேர் துடிப்ப இந்தக் காப்பு எடுத்து, ஒண்ணா சேத்து, அதே நேரத்துல அந்தப் பட்டைக்கு அனுப்பும். நம்ம நெஞ்சு அடிச்சா அவங்க நெஞ்சுல தட்டும். தட்டினா பயம் போயிடும், கால் தானா முன்னாடி போகும். பரிசோதிச்சுப் பாத்துட்டாங்க.”

“அப்போ நம்ம உசுர வாடகைக்குக் கேக்கறாங்கனு சொல்லு.”

“உலகத்தில் நாங்கள் அளந்த கூட்டங்களிலேயே உங்கள் துடிப்புதான் மிக உயர்ந்தது,” என்றது பெட்டி. யோனாஸின் கண்ணில் நிஜமான மரியாதை இருந்தது. “உங்கள் வீரர் எபநேசர் உங்கள் அணிக்காக அந்த கோலை அடித்தபோது.”

கொட்டகையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சார், அது எங்களுக்காக அடிச்ச கோல் இல்ல,” என்றாள் கிருபா. “எங்கள எதுத்து அடிச்ச கோல். அன்னிக்கு அவன் கடன் ஆளு.” கடன் ஆள் என்றால் என்ன என்பதையும் பொறுமையாக விளக்கினாள். யோனாஸ் கவனமாகக் கேட்டு, அதைத் தலைமையகத்துக்கும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கோல் அடித்தவர் கரை அணியில் பதிவான ஆட்டக்காரர், துடிப்பு கரை ஆதரவாளர்களுடையது, எனவே அது ஆதரவாளர்களின் விசுவாசம் என்று இயந்திரம் தெளிவாகச் சொல்கிறதாம். சொந்த அணி தோற்றதற்கு யாராவது குதிப்பார்களா?

“உங்கள் நகைச்சுவை எனக்குப் பிடித்திருக்கிறது,” என்றது பெட்டி.

அதற்கு மேல் கிருபா என்ன செய்வாள்? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

மைதானத்தோடு டீமை விற்பதா வேண்டாமா என்று வியாசர்பாடி ஒரு வாரம் அடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்து ஊரை வாங்கினார்கள், இப்போது விமானத்தில் வந்து டீமை வாங்குகிறார்கள் என்று ஒரு கட்சி. நம்ம ஊர்ப் பணக்காரன் எவன் இதுவரை ஒரு பந்து வாங்கித் தந்தான் என்று இன்னொரு கட்சி. மோசஸ் இரண்டாவது கட்சியின் தலைவர். “யார் வாங்கினா இன்னா கிருபா? மழ பேஞ்சா மைதானத்துல தண்ணி நிக்கக் கூடாது. பசங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரணும். முதலாளி செவப்பா இருந்தா இன்னா, பச்சையா இருந்தா இன்னா?” என்பார். கிருபாவும் கடைசியில் சரி என்றுதான் சொன்னாள். கணுக்கால் அளவு சேற்றில் எபி வழுக்கி விழுந்து மூட்டை உடைத்துக்கொண்ட நாள் அவளுக்கு மறக்கவில்லை.

வந்தவர்கள் சொன்னதைச் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். புல் வந்தது, வடிகால் வந்தது, விளக்கு வந்தது. எபி முதன்முதலாகச் சம்பளம் என்று ஒன்றை வாங்கி அக்காவுக்குப் புடவை எடுத்துத் தந்தான். மைதானத்துக்குப் பக்கத்தில் குளிரூட்டிய பெரிய கூடம் ஒன்றும் எழுந்தது. சுவர் முழுக்கத் திரை. ஊரில் அதற்கு ஏசி கொட்டாய் என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஹெல்வர் சிட்டியின் ஆட்டம். நாலாயிரம் பேரும் காப்பு போட்டுக்கொண்டு கத்த வேண்டும். பிரியாணி இலவசம்.

கத்தினார்கள். முதலில் பிரியாணிக்காக, அப்புறம் நிஜமாகவே. பந்து உருண்டால் வியாசர்பாடிக்காரனால் சும்மா உட்கார முடியாது. அவன் நெஞ்சு தட்டினால் ஏழு கடல் தாண்டி ஹெல்வர் ஆட்டக்காரர்களின் நெஞ்சில் தட்டியது. தட்டினால் முன்னால் பாய வேண்டும் என்று அவர்கள் உடம்பு பழகிவிட்டது. மூளை யோசிப்பதற்குள் கால் ஓடியது. அவர்கள் தொடர்ந்து ஜெயித்தார்கள். யோனாஸ் கூடத்தின் ஓரத்தில் நின்று, கீழே கிடக்கும் காகிதக் கோப்பையைக் காலால் தட்டிக்கொண்டே பார்ப்பார்.

“சார் சின்ன வயசுல ஆடிக்கீறீங்களா?” என்று கிருபா ஒருநாள் கேட்டாள்.

“எங்கள் ஊர் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தேன்,” என்றது பெட்டி. “எப்போதும் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். ஒருமுறையும் என்னை அழைக்கவில்லை.” யோனாஸ் சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை.

கோளாறு எங்கே தெரிந்தது என்றால், மைதானத்தில். சனிக்கிழமை கத்திவிட்டு வந்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துக்கொண்டது. கரை ஆடும்போது படிக்கட்டில் கால்வாசிகூட நிரம்பவில்லை. ஒருநாள் எபி பறந்துபோய்த் தலையால் ஒரு கோல் அடித்தான். பார்த்துக்கொண்டிருந்த கிருபாவுக்கு எதுவுமே தோன்றவில்லை. கையைத் தட்டினாள். வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அவளுக்குப் பயமாகிவிட்டது. அப்பா செத்தபோதுகூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.

“நசீமா, எனக்கு இன்னா ஆச்சு? தம்பி கோல் அடிக்கிறான், கல்லு மாதிரி நிக்கிறேன்.”

நசீமா கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். “இத யாரும் யோசிக்கலக்கா. ஒரு மனுசனுக்குள்ள எவ்ளோ சந்தோசம் ஊறும்னு யாரும் அளந்து பாக்கல. ராத்திரி முழுக்க இறைச்சா காலைல கிணத்துல என்னா இருக்கும்? ஊறத்தான் நேரம் வேணும். நாம நேரம் குடுக்கல.”

அடுத்த மாதம் யோனாஸ் கொட்டகைக்கு வந்தார். பெட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு, அது பேசப்போவதைத் தடுக்கப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

“ஹெல்வர் சிட்டி இறுதிப் போட்டிக்கு முன்னேறியுள்ளது. கோப்பையை வென்றால், தலைமையகம் இங்கே இன்னும் இரண்டு கூடங்கள் கட்டும். அதற்கு இந்த மைதானம் தேவைப்படும். கரை அணி கலைக்கப்படும். அணி என்பது செலவு என்றும் ஆதரவாளர்கள்தான் சொத்து என்றும் அவர்கள் கருதுகிறார்கள். நான் வருந்துகிறேன்.”

மோசஸ் எழுந்தார். முதலாளி எந்த நிறமாக இருந்தால் என்ன என்று கேட்ட அதே மோசஸ்தான். முகம் கறுத்துவிட்டது. “டீம் இல்லாம ரசிகன் இன்னாத்துக்குடா? புருசன் இல்லாத வூட்ல மாமியாரு வேலையா?” என்று கத்தினார். அதைப் பெட்டி எப்படி மொழிபெயர்த்ததோ தெரியாது, யோனாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

காப்பைக் கழற்றிக் கால்வாயில் வீசலாம் என்றார்கள். இறுதிப் போட்டியன்று கூடத்தைப் பூட்டலாம் என்றார்கள். சும்மா மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரலாம் என்று எபி சொன்னான். கிருபா எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டி மறுத்தாள்.

“ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுக்கீறோம். ஜகா வாங்கினா, துடிப்பு தரலன்னு கேஸ் போட்டு மைதானத்த இன்னிக்கே பூட்டிடுவாங்க. அதுவுமில்லாம, பந்து ஓடும்போது மூச்ச அடக்கற ஆளா நீங்க? உன் மூஞ்சி!” என்றாள் தம்பியைப் பார்த்து. “எல்லாரும் காப்பு போட்டுக்கினு வாங்க. நான் பாத்துக்கறேன்.”

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. ஆனால் சொன்ன தோரணையில் ஊர் நம்பிவிட்டது. இறுதிப் போட்டிக்கு நாலு நாள் இருக்கையில்தான் நசீமா ஓடி வந்தாள்.

“அக்கா, எதிர் டீம் ஸ்கார்வான்னு ஒரு மீன்பிடி ஊர். பாவப்பட்ட டீம். ஹெல்வர்காரங்களே அவங்க ஆளுங்க பாதிப் பேர வாங்கிட்டாங்க. ஆள் பத்தாம, ஹெல்வர்கிட்டயே ஒரு பையன கேட்டு வாங்கி ஆடறாங்க. எமில்னு பேரு. பத்தொம்பது வயசு. அவங்க லீக்லயும் அது செல்லுமாம். ஹெல்வர்காரங்க ‘ஆடட்டும், எங்களுக்கு ஒரு பொருட்டா’ன்னு விட்டுட்டாங்க.”

கிருபா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “இரு, இரு. இவங்க ஆளு, அவங்க சட்டைல, இவங்கள எதுத்து?”

“ஆமாக்கா.”

கிருபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

இறுதிப் போட்டி அன்று ஏசி கொட்டாய் நிரம்பி வழிந்தது. எல்லோருடைய முகமும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் கிருபா நாற்காலி மேல் ஏறி நின்றாள். யோனாஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

“ஒரே ஒரு விசயம் சொல்லிக்கிறேன்,” என்றாள். “அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் போட்டுக்கினு நிக்கிறான் பாருங்க, சின்னப் பையன். அவன் ஹெல்வர் ஆளு. அவங்களுக்கு ஆளு கொறைஞ்சதால இவங்க கொடுத்துக்கீறாங்க. கடன் ஆளு. அவ்ளோதான். உக்காருங்க.”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாலாயிரம் தலைகள் திரையில் அந்தப் பையனைத் தேடின.

முதல் பாதி முழுக்க ஹெல்வர் சிட்டிதான் ஆடியது. ஒரு கோலும் போட்டது. கூட்டம் கடனே என்று கைதட்டியது. பையன் கண்ணிலேயே படவில்லை. கிருபா நகத்தைக் கடித்தாள். இது வேலைக்கு ஆகவில்லை என்றால் கரை இல்லை, எபி இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. ஹாரன் அடிக்க ஓர் இடம்கூட இல்லை.

இரண்டாம் பாதியில் பையனுக்கு முதன்முதலாகப் பந்து வந்தது. எதிரே தன் சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்கள், தினமும் கூடச் சாப்பிடுகிறவர்கள், வரிசையாக நிற்கிறார்கள். பையன் தயங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராக அவர்களைப் பார்த்து ஓடினான்.

“ஒழுங்கா ஆடறான்டா!” என்று மோசஸ் தன்னை மறந்து கத்தினார்.

அவ்வளவுதான். யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. பிறந்ததிலிருந்து ஊறிப்போனதை யார் தடுப்பது? நாலாயிரம் நெஞ்சுகளும் ஒன்றாக எகிறின. சுவரில் இருந்த துடிப்புமானி எபியின் கோல் நாள் அளவைத் தாண்டி மேலே போனது. அது அப்படியே ஹெல்வர் ஆட்டக்காரர்கள் நெஞ்சில் போய் இடித்தது. இடித்தால் முன்னால் பாய வேண்டும். பாய்ந்தார்கள். தடுக்க வேண்டிய நாலு பேரும் ஒன்றாக முன்னால் பாய, பந்தோடு பையன் அவர்களுக்கு இடையில் புகுந்து பின்னால் போய்விட்டான். அங்கே கோல்கீப்பர் மட்டும் தனியாக நின்றார். அவரும் முன்னால் பாய்ந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் அதேதான். பையன் காலில் பந்து பட்டால் போதும், பணக்கார அணி மொத்தமும் தாறுமாறாக முன்னால் ஓடியது. ஆட்டம் முடியும்போது ஸ்கார்வா இரண்டு, ஹெல்வர் ஒன்று. இரண்டையும் அடித்தது அந்தப் பையன்தான். ஏசி கொட்டாயில் ஒருத்தரும் நாற்காலியில் இல்லை. கிருபா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கிணறு வற்றவில்லை என்று தெரிந்த சந்தோஷம் அது.

யோனாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்,” என்றது பெட்டி. அவர் குரல் நடுங்கியது, பெட்டியின் குரல் நடுங்கவில்லை.

“மொத நாளே சொன்னேனே சார். நல்லா ஜோக்கடிக்கிறேன்னு சொன்னீங்க.” கிருபா கையை நீட்டிக் காப்பைக் காட்டினாள். “துடிப்பு கேட்டீங்க, கொடுத்தோம். கொறையா இருந்தா சொல்லுங்க.”

யோனாஸ் திரும்பி வெளியே நடந்தார்.

எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத நெஞ்சு ஹெல்வர் குழுமத்துக்கு எதற்கு? பத்து நாளில் கூடத்தை மூடிக் காப்புகளை வாங்கிக்கொண்டார்கள். யோனாஸை மட்டும் கடையைக் கட்டிவிட்டு வா என்று விட்டுவிட்டார்கள். மைதானத்தைக் கேட்டு ஒரு கிடங்குக் கம்பெனி வந்தது. ரசிகர் சங்கமும் கேட்டது. சங்கத்தால் கம்பெனி அளவுக்குத் தர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

“முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள்,” என்றார் யோனாஸ். “உங்கள் கடைசி ஆட்டம் முடிந்ததும் சொல்கிறேன்.” கோபம் இன்னும் தணியவில்லை. தலைமையகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்தானே.

கடைசி ஆட்டம் எண்ணூரோடு. கரை அதில் சமன் செய்தால் போதும். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். மைதானம் நிரம்பியிருந்தது. யார் கையிலும் காப்பு இல்லை. யோனாஸ் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எண்ணூர் வேன் வந்து நின்றது. கேப்டன் காளத்தி இறங்கி, எல்லார் காதிலும் விழும்படி, “ஆளு ஒண்ணு கொறையுதுப்பா,” என்றார்.

கிருபா நேராக யோனாஸிடம் போனாள். “சார், எழுந்திரிங்க. ஆளு கொறையுது.”

“என்னையா? நான் உரிமையாளரின் பிரதிநிதி. எனக்கு நாற்பத்தொன்பது வயது.”

“அதுக்கு இன்னா இப்போ? கூப்பிட்டா வரணும்.”

யோனாஸ் அவளையே பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். காளத்தியைப் பார்த்தார். காதிலிருந்த கருவியைக் கழற்றி, கழுத்துப் பெட்டியையும் கழற்றி, நாற்காலியில் வைத்தார். எபி தன் பழைய பூட்ஸை எடுத்துக் கொடுத்தான். எண்ணூர் சட்டை அவருக்குத் தொப்புள் வரைக்கும்தான் வந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆட்டம் என்று அவர் ஆடியதைச் சொல்ல முடியாது. ஓடினார், மூச்சு வாங்கினார், பந்து போன பிறகு போய்ச் சேர்ந்தார். ஆனால் ஓடுவதை நிறுத்தவே இல்லை. “உடுறா, உடுறா, சார் வரார்!” என்று படிக்கட்டு கூவ ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கிருபாவின் கணக்கு அதோடு முடிந்தது. மனுஷன் ஒருதரம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நிற்கட்டும், அப்புறம் கிடங்குக்காரனிடம் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் பார்க்கலாம் என்பதுதான் அவள் போட்ட கணக்கு. கோல் அந்தக் கணக்கில் இல்லை.

முடிய ஒரு நிமிடம் இருக்கும், இரண்டு பக்கமும் கோல் இல்லை. யாரோ உதைத்த பந்து யாரோ மேல் பட்டு யோனாஸ் பக்கம் வந்தது. எபி அவரை மறித்து நின்றான். இரக்கம் காட்டவில்லை, முழுசாக மோதினான். யோனாஸ் விழுந்தார். விழும்போது அவர் முழங்காலில் பட்ட பந்து எகிறி, மெதுவாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையின் வலைக்குள் உருண்டு போனது.

கரை கீழே இறங்கிவிட்டது. இறக்கிவிட்டவர் டீமைக் கலைக்க வந்த கம்பெனிக்காரர். கிருபாவின் நெஞ்சு ஒருதரம் நின்றது, பிறகு இடித்தது. ஐயையோ என்று தோன்றியது, அடடா என்றும் தோன்றியது. அடடா முந்திக்கொண்டது. விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள்.

முதலில் ஓடிப்போய் அவரைத் தூக்கியவன் எபிதான். அப்புறம் மோசஸ். அப்புறம் யார் யாரோ. நெட்டையான அந்த மனிதரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். யோனாஸ் எதையோ தன் பாஷையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கப் பெட்டி இல்லை. அழுதுகொண்டே சொன்னதால் யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

காளத்தி கிருபாவின் பக்கத்தில் வந்து நின்றார். “நீ கேட்டியேன்னு ஒருத்தன வேன்லயே குந்த வெச்சேன். கடைசில நீங்களே கீழ எறங்கிட்டீங்களே, தாயி.”

“எறங்கினா ஏறிக்கலாம். சத்தம் போடாத,” என்றாள் கிருபா.

யோனாஸ் நொண்டிக்கொண்டே நாற்காலிக்கு வந்தார். அங்கே கழற்றி வைத்திருந்த தன் சட்டையின் பையிலிருந்து மைதான வாசலின் சாவிக்கொத்தை எடுத்துக் கிருபாவின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் ஒரு விரலை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“வாகனத்தின் கடைசி இருக்கையில் ஒளிந்திருக்கும் அந்த மனிதருக்கும் சாப்பாடு கொடுங்கள்,” என்றது பெட்டி. “ஆட்டம் தொடங்குவதற்கு முன்பிலிருந்தே பாவம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.”

கிருபா வேனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “மோசஸண்ணே, ரெண்டு பிளேட் அத்தோ எடுத்தா,” என்றாள். “சாருக்கு ஒண்ணு, வேனுக்கு ஒண்ணு.”